ஒரு தடவைகூட அமைச்சராகாத ஜோசப் ஹ்யூம் ஏன் முக்கியமானவர்?

கேள்வி இதுதான்: காங்கிரஸ் கட்சி உருவாகக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமின் அப்பா ஜோசப் ஹ்யூம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பல வருஷம் இருந்தவராம், ஆனால் எந்தப் பதவியும் வகிக்கவில்லை, அப்படியானால் அந்த மனிதர் அங்கே என்னதான் செய்தார்?

சுருக்கமாகச் சொன்னால், கணக்குக் கேட்டார். 1818 முதல் 1855-ல் சாகும்வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, அரசாங்கம் செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் எழுந்து நின்று "இது எதற்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியலில் பிரதமர்களை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இவர் பெயர் கண்ணில் படாமலே போகும். என்னைக் கேட்டால் அந்தக் காலத்து அமைச்சர்களில் பாதிப் பேரைவிட இவர் விட்டுப்போனது அதிகம். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, இரண்டையும் சொல்கிறேன்.

பிறந்தது 1777-ல், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் மான்ட்ரோஸ் என்ற துறைமுக ஊரில். அப்பா கப்பல் ஓட்டியவர், பையன் சின்ன வயதில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா அந்த ஊரிலேயே பீங்கான் பாத்திரம் விற்கும் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். 13 வயதில் உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் தொழில் கற்கச் சேர்த்துவிட்டார்கள், அப்புறம் எடின்பரோவில் மருத்துவப் படிப்பு. பள்ளிக்கூடத்தில் இவருடன் படித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மில். இந்தியாவுக்கு வராமலே இந்தியாவின் வரலாற்றை எழுதினாரே, அதே மில்தான். இந்த நட்பு பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

1797-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் கப்பல் மருத்துவராகச் சேர்ந்தார். வங்காளத்துக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை, ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டார். அன்றைக்குக் கம்பெனி வேலையில் இருந்த வெள்ளைக்காரர்களில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் குறைவு, அதனால் மொழி தெரிந்தவனுக்குக் கதவுகள் தானாகத் திறந்தன. இரண்டாம் மராட்டியப் போர் சமயத்தில் கம்பெனியின் வெடிமருந்து ஈரம் பட்டுக் கிடந்தபோது அதைப் பத்திரமாக உலர்த்த வழி சொன்னது இந்த டாக்டர்தான், வேதியியல் படிப்பு கைகொடுத்தது. புந்தேல்கண்டில் படையோடு போய் மொழிபெயர்ப்பாளர், சம்பளம் பட்டுவாடா செய்பவர், தபால், தளவாடம் என்று ஏகப்பட்ட வேலைகளைச் சேர்த்துப் பார்த்தார். 1807 வாக்கில் ஏறக்குறைய 40,000 பவுண்டோடு வேலையை விட்டு ஊர் திரும்பினார்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போர்க்கொள்ளைப் பங்கீடும் ராணுவ ஒப்பந்தமும் புரண்ட இடத்தில், சம்பளத்தைப் போலப் பல மடங்கு சேர்ப்பது கம்பெனி ஆட்களுக்கு வழக்கமாக இருந்த காலம். அரசுப் பணத்தில் சிக்கனம் பேசிய மனிதரின் அரசியல் வாழ்க்கைக்கு முதலீடு இந்தியாவிலிருந்து போனது. எம்.பி.க்களுக்குச் சம்பளமே இல்லாத காலம் அது (1911-ல்தான் சம்பளம் வந்தது), ஆகவே அந்த 40,000 பவுண்டு இல்லாமல் பாத்திரக்கடை வீட்டுப் பையன் காமன்ஸ் சபை (நாடாளுமன்றத்தின் கீழ்சபை) வாசலை மிதித்திருக்கவே முடியாது.

முதல் நுழைவும் அழகானது இல்லை. 1812-ல் தென் இங்கிலாந்தின் வேமவுத் தொகுதியைக் காசு கொடுத்து வாங்கினார், 10,000 பவுண்டு என்பார்கள். அன்றைக்கு இப்படித் தொகுதியைக் கையில் வைத்திருந்த ஆட்களிடம் விலை பேசுவது சாதாரணம். உட்கார்ந்தது டோரி, அதாவது பழமைவாதக் கட்சி அரசாங்கத்தின் பக்கம். அதே வருஷம் தேர்தல் வந்தபோது தொகுதியை வைத்திருந்தவர்கள் இவரைத் திரும்ப நிறுத்த மறுத்துவிட, இவர் விடாமல் சண்டை போட்டுக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார். அடுத்த ஆறு வருஷம் சபைக்கு வெளியே. அந்த ஆறு வருஷத்தில்தான் ஆள் மாறினார். ஜேம்ஸ் மில் வழியாக, சட்டமும் அரசும் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று வாதாடிய தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் வட்டத்துக்குள் போனார், ஏழைகளுக்கான சேமிப்பு வங்கி பற்றி எழுதினார், மலிவாக நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளிகளுக்காக வேலை செய்தார், 1815-ல் மரியா பர்ன்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1818-ல் திரும்பி வந்தபோது முழுத் தீவிரவாதி, அன்றைய அர்த்தத்தில், அதாவது அடிப்படையான அரசியல் சீர்திருத்தம் கேட்கும் ராடிக்கல்.

ஸ்காட்லாந்தில் அப்போது தேர்தல் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இவர் வெற்றியின் மதிப்பு புரியும். மொத்த ஸ்காட்லாந்துக்கும் வாக்காளர்கள் 4,500 பேர் போல. நகரங்களில் பொதுமக்களுக்கு ஓட்டே கிடையாது. நான்கைந்து ஊர்களைச் சேர்த்து ஒரு தொகுதி ஆக்கியிருப்பார்கள், ஒவ்வொரு ஊர் நகர சபையும் ஒரு பிரதிநிதியை அனுப்பும், அந்த நாலைந்து பேர் சேர்ந்து எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார்கள். நகர சபையோ தன் அடுத்த உறுப்பினர்களைத் தானே நியமித்துக்கொள்ளும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இந்த ஏற்பாட்டில் 1817-ல் அபர்டீன் நகர சபை கடனில் மூழ்கித் திவாலாகிவிட்டது. அதே சமயம் மான்ட்ரோஸில் சபைத் தேர்தல் முறையைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். ஊர்ப் பணத்துக்குக் கணக்கு கேட்க வேண்டும் என்ற கோபம் அந்தக் கடற்கரை முழுக்க இருந்தது. அபர்டீன், மான்ட்ரோஸ், பிரெகின், ஆர்பிரோத், இன்வர்பெர்வி ஐந்தும் சேர்ந்த தொகுதியில் ஹ்யூம் ஜெயித்தது அந்த அலையில்தான். கணக்குக் கேட்கும் பழக்கம் இவருடைய தனிப்பட்ட குணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், இவரை அனுப்பிய ஊர்கள் அதற்காகவே அனுப்பின.

சரி, சபையில் செய்தது என்ன? 1821 வாக்கில் மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்குப் பணம் கேட்டு அரசாங்கம் சபையில் வைப்பவற்றை, ஒவ்வொன்றாக மறித்து நிறுத்த ஆரம்பித்தார். அதுவரை ராணுவத்துக்கு இவ்வளவு, கடற்படைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை வரும், நடுராத்திரியில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது நிறைவேறிவிடும். ஹ்யூம் தன் சொந்தச் செலவில் குமாஸ்தாக்களை வைத்து அரசாங்க அறிக்கைகளை வீட்டில் மலையாகக் குவித்துப் படித்துவிட்டு வருவார். இந்தக் கோட்டையில் பீரங்கி இல்லையே, கோட்டைத் தளபதிக்கு எதற்குச் சம்பளம்? போர் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் படை இவ்வளவு எதற்கு? இந்த ஓய்வூதியம் யாருக்கு, என்ன சேவைக்கு? இந்த வரியை வசூலிக்க ஆகும் செலவு என்ன? இப்படியே போகும். ஒவ்வொரு செலவு இனத்துக்கும் வாக்கெடுப்பு கேட்பார், முக்கால்வாசி தோற்பார், அடுத்த நாள் மறுபடி எழுந்திருப்பார். பேச்சில் அழகு கிடையாது, இலத்தீன் மேற்கோள் கிடையாது, எண்களில் சில சமயம் தப்பும் வரும், அமைச்சர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

இதில் ஒரு நல்ல உதாரணம், தேசியக் கடனை அடைக்க என்று வைத்திருந்த தனி நிதி. சேர்ந்துகொண்டே போய்க் கடனைத் தின்றுவிடும் என்று நம்பி ஏற்படுத்தியது. நடைமுறையில் அந்த நிதியில் போடப் பணம் இல்லாமல் அரசாங்கம் புதிதாகக் கடன் வாங்கி அதில் போட்டுக்கொண்டிருந்தது. இது முட்டாள்தனம் என்று 1813-லேயே அபர்டீன் பேராசிரியர் ராபர்ட் ஹாமில்டன் எழுதிவிட்டார். அதைச் சபையில் வருஷக்கணக்கில் இடித்துச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர் ஹ்யூம். 1820-களின் கடைசியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பின்னாளில் லிபரல் கட்சியின் கோஷமாக ஆன "சமாதானம், சிக்கனம், சீர்திருத்தம்" என்பதில் சிக்கனத்தைச் சேர்த்தவர் இவர்தான் என்று சொல்வது வழக்கம். பொருத்தமான பெருமைதான்.

ஆனால் என் பார்வையில் இவர் செய்த மிகப் பெரிய காரியம் 1824-ல் நடந்தது. 1799, 1800 சட்டங்களின்படி கூலி உயர்வு கேட்டு இரண்டு தொழிலாளிகள் ஒன்று சேர்ந்தாலே ஜெயில். லண்டனில் சேரிங் கிராஸில் கடை வைத்திருந்த ஃபிரான்சிஸ் பிளேஸ் என்ற தையற்காரர் இந்தச் சட்டத்தை ஒழித்தே தீருவது என்று பல வருஷமாக ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரால் சபைக்குள் போக முடியாது, போகக்கூடிய ஆள் ஹ்யூம். ஹ்யூம் மூன்று விஷயங்களை ஒரே விசாரணைக் குழுவுக்குள் போட்டார்: கைவினைஞர்கள் வெளிநாடு போகத் தடை, இயந்திர ஏற்றுமதித் தடை, தொழிலாளர் ஒன்று சேரத் தடை. முதல் இரண்டும் வியாபார விஷயம் என்பதால் யாரும் அதிகம் பயப்படவில்லை, மூன்றாவது கூடவே நழுவி உள்ளே வந்தது. சாட்சி சொல்ல வரும் தொழிலாளிகளை பிளேஸ் முன்கூட்டியே சந்தித்து, யார் என்ன சொல்வார் என்று சுருக்கம் எழுதி ஹ்யூமிடம் கொடுப்பார், ஹ்யூம் அதை வைத்துக் கேள்வி கேட்பார். சத்தமே இல்லாமல் சட்டம் நிறைவேறிவிட்டது. தொழிற்சங்கம் அமைப்பது குற்றம் என்பது அன்றோடு போனது.

உடனே நாடெங்கும் வேலைநிறுத்தம் வெடித்தது. முதலாளிகள் அலற, 1825-ல் அமைச்சர் ஹஸ்கிசன் இன்னொரு குழு போட்டார், பழைய சட்டத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரும் எண்ணத்தோடு. ஹ்யூமும் பிளேஸும் அந்தக் குழுவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் போராடினார்கள். கடைசியில் வந்த சட்டம் மிரட்டல், தடுத்தல் என்று தண்டனைகளைக் கூட்டியது, ஆனாலும் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் ஒன்று சேரும் உரிமை தப்பிவிட்டது.

இதே மனிதர்தான் தொழிற்சாலைச் சட்டங்களை எதிர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டும் மசோதாக்கள் 1830-களில் வந்தபோது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையை இவர் விடவில்லை. தொழிலாளி ஒன்று சேர்வதைச் சட்டம் தடுக்கக் கூடாது, தொழிலாளியைச் சட்டம் காப்பாற்றவும் கூடாது, இரண்டும் அவருக்கு ஒரே தர்க்கம். ஒன்பது வயதுப் பிள்ளை நூல் ஆலையில் நிற்கும்போது அந்தத் தர்க்கம் எவ்வளவு கொடூரமாகிறது என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கொள்கையை மாற்றவில்லை. எனக்கு அவர் மேல் இருக்கும் பெரிய குறை இது. அடிமை முறை ஒழிப்பிலும் அவர் முன் வரிசையில் நிற்கவில்லை. அவருடைய மைத்துனர் வில்லியம் ஹார்டின் பர்ன்லி டிரினிடாட் தீவின் மிகப் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவர், அந்தக் குடும்பச் சூழலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பணவிஷயத்தில் ஒரு கறையும் உண்டு. கிரேக்கர்கள் துருக்கியருக்கு எதிராகப் போராடியபோது லண்டனில் அவர்களுக்காகக் கடன் திரட்டிய கமிட்டியில் இவரும் இருந்தார், சொந்தமாகவும் 1824 கடன் பத்திரங்களை வாங்கினார். விலை சரிந்ததும் நஷ்டத்தைத் தான் தாங்காமல் கிரேக்கப் பிரதிநிதிகள் தலையில் கட்டப் பார்த்தார். 1826-ல் விஷயம் பத்திரிகைகளில் வந்து நாறிப்போனது. அடுத்தவர் கணக்கை நோண்டுகிறவருக்கு இது சின்ன அடி இல்லை.

1830-ல் மிடில்செக்ஸ் தொகுதிக்கு மாறினார், லண்டனை ஒட்டிய பெரிய தொகுதி. தொகுதிகளையும் ஓட்டுரிமையையும் மாற்றியமைத்த 1832 சீர்திருத்தச் சட்ட விவாதத்தில் இவர் செய்த ஒரு காரியம் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1831 ஆகஸ்ட் 16 அன்று, காலனிகளுக்கும் காமன்ஸ் சபையில் இடம் தர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். மொத்தம் 19 இடம், அதில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 4. சபை நிராகரித்தது. அந்த நான்கு பேரும் இந்தியர்களாக இருந்திருப்பார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனாலும் வரி கட்டுகிற நாடு வரி போடுகிற சபையில் பேச வேண்டும் என்ற வாதம் அந்தக் கட்டடத்துக்குள் 1831-லேயே எழுந்தது, அதைச் சொன்னவர் வங்காளத்தில் பத்து வருஷம் போல இருந்த ஒரு டாக்டர்.

காலனி விஷயங்களில் இவர் வாய் பல தடவை வம்பை இழுத்தது. கனடாவில் கவர்னரோடு மோதிக்கொண்டிருந்த வில்லியம் லயன் மெக்கன்சிக்கு 1834-ல் ஒரு கடிதம் எழுதினார், தாய்நாட்டின் கேடான ஆதிக்கத்திலிருந்து நீங்கள் விடுபடும் காலம் வருகிறது என்ற தொனியில். மெக்கன்சி அதைத் தன் பத்திரிகையில் அப்படியே போட, கனடாவின் மிதவாதிகளே பதறிப்போனார்கள். 1837-ல் அங்கே கிளர்ச்சி வெடித்தபோது எதிரிகள் இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார்கள். சதாராவின் அரசர் பிரதாப்சிங்கை 1839-ல் கம்பெனி பதவியிலிருந்து இறக்கியபோது அவருக்காகப் பேசிய சிலரில் இவரும் ஒருவர். இலங்கையில் 1848-ல் கவர்னர் டாரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, சாலை போடக் கட்டாய வேலை என்று வரிசையாகச் சுமத்த, மாத்தளை, குருநாகல் பக்கம் எழுந்த கிளர்ச்சி ராணுவச் சட்டத்தில் நசுக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுடப்பட்டார், ஒரு பௌத்த பிக்கு காவி உடையிலேயே சுடப்பட்டார். அடுத்த வருஷம் நாடாளுமன்றம் விசாரணைக் குழு போட்டது, அதில் கவர்னரை விடாமல் துருவியவர்களில் ஹ்யூம் முக்கியமானவர். 1850-ல் டாரிங்டன் பதவி போனது.

உள்நாட்டில் இன்னொரு சுவாரஸ்யமான வேட்டை ஆரஞ்சு சங்கங்கள். கத்தோலிக்கர்களுக்கு எதிரான இந்த ரகசிய அமைப்பின் தலைவர் ராஜாவின் சொந்தத் தம்பி கம்பர்லாந்து பிரபு. ராணுவப் படைப்பிரிவுகளுக்குள்ளேயே இதன் கிளைகள் இருந்தன என்று 1835-ல் ஹ்யூம் ஆதாரத்தோடு காட்டினார். விசாரணையில் சங்கத்தின் அதிகாரி ஒருவர் கடிதப் புத்தகத்தைக் கொடுக்க மறுத்ததும் சந்தேகம் இரட்டிப்பானது. 1836 பிப்ரவரியில் சபையே ராஜாவிடம் முறையிட, பிரபு தன் சங்கத்தைத் தானே கலைத்தார். பதவியில் இல்லாத ஒரு எம்.பி. ராஜாவின் தம்பியை இறங்கவைத்த சம்பவம் இது.

1834 அக்டோபர் 16 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த கதையையும் விட முடியாது. சபை அறை இடுங்கலாகவும் காற்றில்லாமலும் இருக்கிறது, புதிதாகக் கட்டுங்கள் என்று ஹ்யூம் அதற்கு முன்பே குழு வைத்து வாதாடித் தோற்றிருந்தார். தீயை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ கத்தினார்களாம், "ஹ்யூமின் தீர்மானம் ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறிவிட்டது!" சிக்கனக்காரர் செலவு செய்யச் சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம் அது. பொதுக் காட்சிச்சாலைகள், கோட்டைகள், பெரிய தேவாலயங்கள் சாதாரண ஜனங்களுக்குக் காசில்லாமல் திறந்திருக்க வேண்டும் என்பதிலும் அவர் அதே பிடிவாதத்தோடு இருந்தார், 1841-ல் அதற்கென்றே ஒரு குழு நடத்தினார்.

1837 தேர்தலில் மிடில்செக்ஸில் தோற்றார். அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓ'கானல் கைகொடுத்து கில்கென்னி தொகுதியைத் தந்தார். அந்தக் காலத்தில் 1840-ல் ஹ்யூம் தலைமையில் நடந்த இறக்குமதி வரிக் குழுதான் அவர் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய சாதனை. பிரிட்டன் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களுக்கு வரி போட்டுக்கொண்டிருந்தது, ஆனால் வெறும் 17 பொருட்களிலிருந்தே சுங்க வருவாயில் 90 சதவீதத்துக்கும் மேல் வந்தது என்று அந்தக் குழு எண்களோடு காட்டியது. மீதி வரியெல்லாம் யாரோ சில வியாபாரிகளைக் காப்பாற்ற மட்டும் இருந்தது, அதற்காக ஜனங்கள் ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் அதிக விலை கொடுத்தார்கள். 1842-ல் பிரதமர் பீல் பெருவாரியான வரிகளைக் குறைத்ததற்கும், வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்கள் 1846-ல் ஒழிந்ததற்கும் இந்த அறிக்கை ஆயுதமாக இருந்தது. அதே 1840-ல் விக்டோரியா ராணியின் புதுக் கணவர் ஆல்பர்ட்டுக்கு வருஷம் 50,000 பவுண்டு கேட்டது அரசாங்கம், ஹ்யூம் 21,000 போதும் என்றார், அவர் திருத்தம் தோற்று, வேறொருவர் சொன்ன 30,000 நிறைவேறியது. ராணிக்குக் கோபம்.

1841-ல் லீட்ஸில் நின்று தோற்று, 1842-ல் சொந்த ஊரான மான்ட்ரோஸ் தொகுதிக்கே திரும்பி, சாகும்வரை அங்கேயே இருந்தார். 1848-ல், எல்லா ஆண்களுக்கும் ஓட்டுரிமை கேட்ட தொழிலாளர்களின் சார்ட்டிஸ்ட் (சாசன) இயக்கம் அடங்கிக்கொண்டிருந்தபோது, வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓட்டு, ரகசிய வாக்குச்சீட்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு நாடாளுமன்றம், சமமான தொகுதிகள் என்று நான்கு கோரிக்கைகளைச் சபையில் வைத்தார், சின்னச் சாசனம் என்று பெயர் வந்தது. அன்று தோற்றது. ரகசிய வாக்கெடுப்பு 1872-ல் வந்தது, வீட்டுக்கு ஒரு ஓட்டு 1867-லும் 1884-லும் படிப்படியாக வந்தது, எதையும் பார்க்க அவர் இல்லை. இறந்தது 1855 பிப்ரவரி 20.

மகன் ஆலன் 1849-ல் வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்து இந்தியா வந்தார். அப்பாவிடமிருந்து மகனுக்கு நேரடியாக என்ன வந்தது என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடிய முதல் காங்கிரஸ் தீர்மானங்களைப் பாருங்கள்: ராணுவச் செலவை ஏற்றுவது தேவையில்லாதது, அதிகமானது என்று ஒரு தீர்மானமே இருக்கிறது, இந்திய நிர்வாகத்தை விசாரிக்கக் குழு வேண்டும் என்று இன்னொன்று. செலவைக் குறை, குழு போட்டு விசாரி என்ற இந்த முறையை ஜோசப் ஹ்யூம் 37 வருஷம் நடத்தியிருக்கிறார்.

மேலே படிக்க ஆசையிருந்தால் வாழ்க்கை வரலாறுகளுக்கு முன்னால் ஹான்சார்டை, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளைத் திறங்கள், பழைய விவாதங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1821 மானிய விவாதங்களில் ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு ஹ்யூமின் கேள்வியையும் அமைச்சரின் பதிலையும் அடுத்தடுத்து வாசியுங்கள். பிறகு 1831 ஆகஸ்ட் 16. ஆங்கிலம் கொஞ்சம் பழசாக இருக்கும், எண்கள் நிறைய வரும், பொறுமையாகப் போனால் ஆள் பிடிபட்டுவிடுவார்.